புது கேம், பழைய கம்ப்யூட்டர்... திக்குவது எது? கார்டு வாங்கும் முன் இந்த டெஸ்ட்டைப் பண்ணிப் பாருங்க!

“கேம் திக்குது” என்று ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். உங்களிடம் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல், “கிராபிக்ஸ் கார்டை மாத்து ப்ரோ” என்று நாலு பேர் பதில் போடுவார்கள். சில நேரம் அது சரியான பதில்தான். ஆனால், பல மாதம் காசு சேர்த்து, ரிச்சி ஸ்ட்ரீட் வரை போய் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டை வாங்கி வந்து மாட்டிய பிறகும் கேம் அதே இடத்தில் அதே மாதிரி திக்கினால்? திருப்பிக் கொடுக்கவும் முடியாது, பக்கத்தில் வைத்து அழகு பார்க்கவும் முடியாது.

ஆபீஸில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப், அண்ணன் காலேஜ் படிக்கும்போது வாங்கிய லேப்டாப் என்று பலரும் பழைய மெஷினில்தான் ஜி.டி.ஏ 5, வேலரன்ட், சைபர்பங்க் 2077 எல்லாம் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த மெஷினில் எந்த பார்ட் மற்றவற்றைக் காக்க வைக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்குத் தேவை ஒரு மணி நேரமும், ஒரு இலவச சாஃப்ட்வேரும்தான்.

பாட்டில்நெக்... ஒரு பரோட்டாக் கடை கணக்கு

பரோட்டாக் கடையில் ஒருவர் மாவை வீசி உருட்டித் தருகிறார். இன்னொருவர் கல்லில் போட்டு எடுக்கிறார். கல்லில் ஒரு நேரத்தில் எட்டுதான் வேகும் என்றால், வீசுகிறவர் எவ்வளவு வேகம் காட்டினாலும் அந்த எட்டுக்கு மேல் வராது. வீசுகிறவர் மெதுவானவர் என்றால், எவ்வளவு பெரிய கல் வாங்கிப் போட்டாலும் பாதிக் கல் காலியாகத்தான் கிடக்கும்.

கம்ப்யூட்டரில் மாவு வீசுகிறவர் பிராசஸர். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா யார் மேல் பட்டது, ரோட்டில் எத்தனை கார் ஓடுகிறது என்று கணக்குப் போட்டு, ‘இதை வரை’ என்று ஆர்டர் கொடுப்பது அதன் வேலை. கல்லு, கிராபிக்ஸ் கார்டு. ஆர்டரைப் படமாக வரைந்து மானிட்டருக்கு அனுப்பும். ரேம் என்பது கைக்கெட்டும் தூரத்து மேஜை. ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி, பின்னால் இருக்கும் சாமான் ரூம். இதில் யார் லேட்டோ, அவர்தான் பாட்டில்நெக்.

ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதுதான் எஃப்.பி.எஸ். 60 எஃப்.பி.எஸ் வேண்டும் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் வெறும் 16.7 மில்லி செகண்ட். 30 எஃப்.பி.எஸ் போதும் என்றால் 33.3 மில்லி செகண்ட். உங்கள் பிராசஸர் ஒரு படத்துக்கான வேலையை 25 மில்லி செகண்டில் முடிக்கிறது, கார்டு 10 மில்லி செகண்டில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பது 40 எஃப்.பி.எஸ். புதுக் கார்டு வாங்கி அந்த 10-ஐ 5 ஆக்கினாலும் அதே 40தான்!

இது கேமுக்கு கேம் மாறும். ஒரே கேமில் காட்டுக்குள் கார்டு திணறும். நெரிசலான மார்க்கெட்டுக்குள் போனால் பிராசஸர் திணறும். அதனால், பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் டைப் செய்தால் ‘உங்கள் பாட்டில்நெக் இத்தனை சதவிகிதம்’ என்று ஒற்றை நம்பர் சொல்லும் வெப்சைட்களை நம்பிக் காசைப் போடாதீர்கள்.

முதல்ல இதைச் சரிபாருங்க... செலவு ஜீரோ!

டெஸ்ட்டுக்கு முன் ஐந்து விஷயங்கள். இவற்றிலேயே சிலருக்குப் பிரச்னை தீர்ந்துவிடும்.

1. மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? டெஸ்க்டாப்பின் பின்னால் இரண்டு இடத்தில் ஹெச்.டி.எம்.ஐ துளை இருக்கலாம். மேலே இருப்பது மதர்போர்டுடையது, கீழே படுக்கைவாட்டில் இருப்பது கார்டுடையது. கேபிள் மேலே இருந்தால், காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

2. லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டு விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது பிராசஸரும் கார்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

3. சில லேப்டாப்களில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். கேம் எதில் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் அந்த கேமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள்.

4. எஃப்.பி.எஸ் சரியாக 60-ல் அல்லது 30-ல் அசையாமல் நிற்கிறதா? அது பாட்டில்நெக் ஆக இருக்காது. வி-சிங்க் அல்லது எஃப்.பி.எஸ் லிமிட் ஆன் ஆகியிருக்கும்.

5. பின்னால் ஓடும் பிரவுசர் டேப், அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

அளந்து பார்க்க என்ன வேண்டும்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் பிராசஸர், மெமரி, டிஸ்க், கிராபிக்ஸ் நான்கும் தனித்தனி கிராஃபாகத் தெரியும். ஆரம்ப விசாரணைக்கு இதுவே போதும்.

கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் நம்பர்களைப் பார்க்க வேண்டும் என்றால் எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போடுங்கள். பெயரில்தான் எம்.எஸ்.ஐ. எந்த கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். எஃப்.பி.எஸ், கார்டு எத்தனை சதவிகிதம், வீடியோ மெமரி, ரேம், பிராசஸரின் ஒவ்வொரு த்ரெட், சூடு... இவ்வளவையும் டிக் அடித்து வையுங்கள். டவுன்லோடு செய்யும்போது எம்.எஸ்.ஐ-யின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இதே பெயரில் போலித் தளங்கள் உண்டு.

மெயின் டெஸ்ட்: ரெசல்யூஷனைக் குறைங்க!

இதுதான் இந்த விசாரணையின் இதயம். ரெசல்யூஷனைக் குறைத்தால் கார்டின் வேலை குறையும். பிராசஸரின் வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 1080பி என்றால் 20,73,600 புள்ளிகள். 720பி என்றால் 9,21,600. கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால், ரோட்டில் ஓடும் கார்களின் எண்ணிக்கை மாறாது இல்லையா?

செய்ய வேண்டியது இதுதான். வி-சிங்க், எஃப்.பி.எஸ் லிமிட், எஃப்.எஸ்.ஆர் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். கேமில் எங்கே திக்குகிறதோ அதே இடத்துக்குப் போய் 1080பி-யில் இரண்டு நிமிடம் விளையாடி எஃப்.பி.எஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, வேறு எந்த செட்டிங்கையும் தொடாமல் 720பி-க்கு மாற்றி அதே இடத்தில் அதே இரண்டு நிமிடம். ஜி.டி.ஏ 5, சைபர்பங்க் 2077 இரண்டிலும் பெஞ்ச்மார்க் வசதி உள்ளேயே இருக்கிறது. அதை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் அதே காட்சி வரும், ஒப்பிடுவது சுலபம்.

இப்போது ரிசல்ட்டைப் பாருங்கள்.

எஃப்.பி.எஸ் நன்றாக ஏறினால்: கார்டுதான் பாட்டில்நெக். 1080பி-யில் கார்டு 95 சதவிகிதத்துக்கு மேல் காட்டியிருக்கும்.

எஃப்.பி.எஸ் அசையவே இல்லை என்றால்: கார்டு காத்துக்கொண்டிருக்கிறது. பிராசஸர் அல்லது ரேமின் வேகம்தான் இழுக்கிறது. இந்த ரிசல்ட் வந்தவர்கள் கார்டு வாங்கும் ஐடியாவை அப்படியே நிறுத்திவிடுங்கள்.

சராசரி ஏறுகிறது, ஆனால் அவ்வப்போது வரும் திக்கல் மட்டும் போகவில்லை என்றால்: ரேம், வீடியோ மெமரி, டிஸ்க் மூன்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள்.

‘பிராசஸர் 40 சதவிகிதம்தான் காட்டுது’... நம்பாதீங்க!

பலரும் ஏமாறும் இடம் இது. டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லா த்ரெட்களின் சராசரி. எட்டு த்ரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழுசாகத் திணறினாலும், மொத்தக் கணக்கில் அது 12.5 சதவிகிதம்தான். கேம்களில் ஒரு முக்கியமான த்ரெட் மற்றவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும். அது மாட்டிக்கொண்டால் மற்ற ஏழும் கை கட்டி நிற்கும்.

டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் கிராஃப் மேல் ரைட் கிளிக் செய்து, ‘லாஜிக்கல் பிராசஸர்ஸ்’ என்று மாற்றினால் தனித்தனிக் கட்டங்கள் வரும். அதில் ஒன்றிரண்டு உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்க, கார்டு 60, 70 சதவிகிதத்தில் ஓய்வெடுத்தால் சந்தேகமே வேண்டாம். 2011-ல் வந்த ஐ5-2400 மாதிரி நாலு கோர், நாலு த்ரெட் பிராசஸர்களில் புது கேம் போட்டால் நாலு கட்டமுமே நிரம்பிவிடும்.

இதற்கு டெக்ஸ்ச்சர், ரெசல்யூஷன் எதைக் குறைத்தும் பலன் இல்லை. கூட்டத்தின் அளவு, வாகன எண்ணிக்கை, எவ்வளவு தூரம் வரை காட்ட வேண்டும் என்ற டிரா டிஸ்டன்ஸ், இந்த மூன்றையும் குறையுங்கள். சைபர்பங்க்கில் ‘கிரவுட் டென்சிட்டி’ என்று தனி செட்டிங்கே இருக்கிறது. அதன் பிறகு, எட்டக்கூடிய ஒரு நம்பரில், உதாரணத்துக்கு 40-ல், எஃப்.பி.எஸ் லிமிட் போடுங்கள். 35-க்கும் 60-க்கும் நடுவே குதிப்பதைவிட, ஒரே சீராக 40 வருவது கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

கார்டுதான் பிரச்னைன்னா... வேகமா, மெமரியா?

கார்டு மாட்டிக்கொண்டாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வரையும் வேகம் போதவில்லை. அப்படியென்றால் நிழல், ரிஃப்ளெக்‌ஷன், புல் போன்றவற்றைக் குறையுங்கள். எஃப்.எஸ்.ஆர் இருந்தால் ஆன் செய்யுங்கள். அது குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை. பழைய ஜி.டி.எக்ஸ் கார்டுகளிலும் எஃப்.எஸ்.ஆர் 2 வேலை செய்யும். என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ் வேண்டும் என்றால் ஆர்.டி.எக்ஸ் கார்டுதான் தேவை. 720பி டெஸ்ட்டில் யாருக்கு எஃப்.பி.எஸ் ஏறியதோ, அவர்களுக்குத்தான் இதனால் பெரிய லாபம்.

இன்னொன்று, வீடியோ மெமரி போதவில்லை. 2ஜிபி, 4ஜிபி கார்டுகளில் இது சகஜம். டாஸ்க் மேனேஜரில் ‘டெடிகேட்டட்’ மெமரி நிரம்பி, ‘ஷேர்டு’ மெமரி ஏறிக்கொண்டே போகும். அதாவது, கார்டில் இடமில்லாமல் ரேமிலிருந்து கடன் வாங்குகிறது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் திக்கும், சுவர்கள் களிமண் மாதிரி மங்கலாகத் தெரியும். இதற்கு டெக்ஸ்ச்சர் குவாலிட்டியை ஒரு படி இறக்கினாலே போதும். வேறு எதையும் தொட வேண்டாம்.

டிஸ்க் 100 சதவிகிதம்... ஆனா குற்றவாளி வேற!

கேம் ஓடும்போது டிஸ்க் 100 சதவிகிதம் காட்டினால், “ஹார்ட் டிஸ்க் போச்சு” என்று முடிவு கட்டிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் மெமரி கிராஃபைப் பாருங்கள். 8ஜிபி-யில் 7.6ஜிபி நிரம்பியிருந்தால், விண்டோஸ் இடமில்லாமல் ரேமில் இருப்பதைத் தூக்கி டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கிறது. டிஸ்க் வேலை செய்து களைக்கிறது, காரணம் ரேம். இங்கே தேவை இன்னொரு ரேம் ஸ்டிக்.

மெமரி பக்கத்தில் கீழே இரண்டு விவரம் இருக்கும். ஒன்று, எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது. ஒரே ஒரு ஸ்டிக் என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் ஒற்றை வழிதான். அதே அளவில் இரண்டாவது ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் வழி இரண்டாகும். டி.டி.ஆர் 4, 2400 வேக ரேம் என்றால் நொடிக்கு 19.2ஜிபி என்பது 38.4ஜிபி ஆகும். தனிக் கார்டு இல்லாமல், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலேயே விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். காரணம், அவர்களுக்கு ரேம்தான் வீடியோ மெமரியும்.

இரண்டாவது விவரம், ரேமின் வேகம். ஸ்டிக்கரில் 3200 என்று போட்டிருந்தும் இங்கே 2133 என்று காட்டினால், பயாஸில் எக்ஸ்.எம்.பி ஆன் செய்யப்படவில்லை. பிராசஸரும் மதர்போர்டும் ஏற்றுக்கொண்டால் இது காசில்லாத வேகம்.

ரேமில் இடம் இருந்தும் டிஸ்க் 100 அடித்தால், அப்போது அது நிஜமாகவே டிஸ்க்தான். வண்டியில் வேகமாகப் போகும்போது ரோடு மறைவது, கட்டடம் தாமதமாக முளைப்பது இதன் அறிகுறி. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி ஒவ்வொரு ஃபைலுக்கும் தட்டில் இடம் மாறி ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி-யில் ஊசியே கிடையாது. சைபர்பங்க் 2077 வந்தபோது ஹார்ட் டிஸ்க்கே போதும் என்றார்கள். 2023-ல் எஸ்.எஸ்.டி-யைக் குறைந்தபட்சத் தேவையாக மாற்றிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த ஸ்டார்ஃபீல்டும் எஸ்.எஸ்.டி கட்டாயம் என்றது. பழைய மெஷினுக்கு சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி போதும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். எஸ்.எஸ்.டி போட்டால் திக்கல் குறையும், லோடிங் வேகமாகும். சராசரி எஃப்.பி.எஸ் பெரிதாக ஏறாது.

பத்து நிமிஷம் சூப்பர்... அப்புறம் அவுட்டா?

ஆரம்பத்தில் நன்றாக ஓடி, பத்து இருபது நிமிடத்துக்குப் பிறகு எஃப்.பி.எஸ் சரிந்தால் அது சூட்டின் கைவரிசை. பிராசஸர் தன் எல்லைச் சூட்டைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பல இன்டெல் பிராசஸர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ் அருகில். ஆஃப்டர்பர்னரில் சூடு ஏற ஏற கிளாக் வேகம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் கேஸ் முடிந்தது.

ஃபேனில் அடைத்திருக்கும் தூசியைச் சுத்தம் செய்வது, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது, லேப்டாப்பை மெத்தையிலிருந்து மேஜைக்கு மாற்றுவது... இவைதான் மருந்து. ரூமில் 25 டிகிரிக்கு பதில் 35 டிகிரி இருந்தால், உள்ளேயும் கிட்டத்தட்ட அதே பத்து டிகிரி கூடும். டிசம்பரில் ஓடிய கேம் மே மாதம் திக்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எதை மாத்தினாலும் ஓடாத கேம்களும் உண்டு

சில இடங்களில் பிரச்னை வேகம் அல்ல, வசதி. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ கேமுக்கு ரே ட்ரேஸிங் உள்ள கார்டு கட்டாயம். 2017-ல் ராஜாவாக இருந்த, 11ஜிபி மெமரி கொண்ட ஜி.டி.எக்ஸ் 1080 டிஐ-யும் இதில் வெளியேதான் நிற்க வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் ஓட டி.பி.எம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். ஏ.வி.எக்ஸ் 2 என்ற வசதியைக் கேட்கும் கேம்கள் 2013-க்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் திறக்கவே திறக்காது. கேம் வாங்கும் முன் குறைந்தபட்சத் தேவைகளை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

புது கேமைப் போட்ட முதல் நாள் மட்டும், புது இடத்துக்குப் போகும்போதெல்லாம் திக்கி, இரண்டாம் முறை அதே இடத்தில் திக்காமல் போனால், அது ஷேடர் தயாராகும் நேரம். அந்தத் திக்கலுக்காக எந்த பார்ட்டையும் மாற்ற வேண்டியதில்லை.

சரி, மாத்தியே ஆகணும்னா?

கார்டு என்று முடிவானால் முதலில் எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பாருங்கள். ஆபீஸ் டெஸ்க்டாப்களில் 240 வாட்ஸ் அளவில்தான் இருக்கும், தனியாக கார்டுக்குக் கொடுக்க பவர் வயரும் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் மூலம் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்ஸ். ஜி.டி.எக்ஸ் 1050 டிஐ போன்றவற்றில், தனி பவர் வயர் கேட்காத மாடல்கள்தான் அங்கே பொருந்தும். கேபினெட் ஒல்லியாக இருந்தால் ‘லோ புரொஃபைல்’ கார்டு என்று கேட்டு வாங்குங்கள்.

புது மாடல் என்பதற்காகவும் எடுத்துவிடாதீர்கள். 2022-ல் வந்த ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி கார்டு, மதர்போர்டுடன் பேச நாலு வழியை மட்டுமே பயன்படுத்துகிறது. புது மதர்போர்டில் பிரச்னை இல்லை. பழைய பி.சி.ஐ 3.0 போர்டில் அந்த வழியின் வேகம் பாதியாகிவிடும். அதன் 4ஜிபி மெமரி நிரம்பும்போது அடி பலமாக விழும்.

ரேம் என்றால் டி.டி.ஆர் 3-யா, 4-ஆ என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. பிராசஸர் என்றால் உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று அந்த கம்பெனியின் லிஸ்ட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க!

* 720பி-யில் எஃப்.பி.எஸ் ஏறுது, கார்டு 95-க்கு மேல: கார்டு.
* 720பி-யிலும் அதே எஃப்.பி.எஸ், கார்டு ஓய்வில்: பிராசஸர் அல்லது ரேம் வேகம்.
* திரும்பினா திக்குது, வீடியோ மெமரி ஃபுல்: டெக்ஸ்ச்சரைக் குறை.
* ரேம் ஃபுல், டிஸ்க் 100: ரேம்.
* ரேமில் இடம் இருக்கு, டிஸ்க் 100: ஹார்ட் டிஸ்க்.
* பத்து நிமிஷத்துக்கு அப்புறம் சரியுது: சூடு.
* முதல் தடவை மட்டும் திக்குது: ஷேடர்.
* 60-லேயே நிக்குது: வி-சிங்க்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே டெஸ்ட்டை மறுபடி ஓட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. முடியுமென்றால் நண்பரின் கார்டையோ ரேமையோ ஒரு நாள் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டெஸ்ட்டின் முடிவு ‘டெக்ஸ்ச்சரை மீடியத்தில் வை, ஃபேனைத் துடை’ என்று வந்தால், சேர்த்த காசு முழுசாக உங்கள் கையிலேயே இருக்கும். அடுத்த சேலில் இரண்டு கேம் வாங்கிக்கலாமே!